தமிழ்க் கையெழுத்துக்குப் பட்டை நிப் பொருந்துமா? ஓர் எபோனைட் பேனாவும் நான்கு நிப்களும்

இந்த மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டது, திருவள்ளூரில் ரங்கா நிறுவனத்தார் கையால் கடைந்தெடுக்கும் எபோனைட் ஊற்றுப்பேனா ஒன்றும், அதில் மாற்றி மாற்றித் திருகிக்கொள்ளக்கூடிய, ஜெர்மனியின் ஜோவோ நிறுவனம் செய்யும் ஆறாம் எண் அளவு நிப்கள் நான்கும் ஆகும். நான்கில் ஒன்று எஃப், அதாவது நுண்ணியது. அடுத்தது எம் என்னும் நடுத்தரம். மூன்றாவது பி என்னும் பட்டை நிப், அகலமான கோடு போடுவது. நான்காவது முனை தட்டையாக வெட்டப்பட்ட 1.1 மி.மீ. ஸ்டப். உடலும், நிப்புக்கு மை கொண்டுவரும் நாக்கின் வகையும், மையும் தாளும் மாறாமல் நிப்பின் அகலம் மட்டும் மாறினால் தமிழ் எழுத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்பதே நோக்கம். பேனா பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் ஆங்கிலக் கையெழுத்தை வைத்தே எழுதப்படுகின்றன. அவற்றை நம்பி நிப் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் ஒரு பத்தி எழுதியதும் முகம் சுளிப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த எழுத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிப்பின் மேல் பொறித்திருக்கும் எஃப், எம், பி ஆகியவை அளவுகள் அல்ல. அந்தந்த நிறுவனம் தன் வரிசைக்குள் வைத்துக்கொண்ட படிநிலைகள் மட்டுமே. எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொதுத்தரம் எதுவும் நடைமுறையில் இல்லை. 1911, 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் முறையே தொடங்கிய செய்லர், பைலட், பிளாட்டினம் என்னும் மூன்று ஜப்பானிய நிறுவனங்களின் நிப்கள், அதே எழுத்தைத் தாங்கிய ஐரோப்பிய நிப்களைவிடப் பொதுவாக ஒரு படி நுண்ணியவை. ஜப்பானிய எம் ஏறத்தாழ ஐரோப்பிய எஃப் ஆகிவிடும். பல கோடுகளைச் சிறிய சதுரத்துக்குள் அடக்க வேண்டிய, கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளுக்காகவே அவர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். பெலிக்கான் போன்ற ஜெர்மானிய நிப்கள் அதற்கு நேர் எதிர். மையைத் தாராளமாக விடுபவை, கோட்டைக் கொஞ்சம் தடித்தே போடுபவை. எண்ணிலேயே அகலத்தைச் சொல்லிவிடுபவர்களும் இருக்கிறார்கள். பிளாட்டினத்தின் பிரெப்பி என்ற மலிவுப் பேனாவில் 0.2, 0.3, 0.5 என்று மில்லிமீட்டரிலேயே எழுதியிருக்கும். லாமியின் தட்டை நிப்கள் 1.1, 1.5, 1.9 என்று வரும். இந்த எண்களும்கூட நிப்பைப் பற்றியவை. கோட்டின் இறுதி அகலத்தில் மைக்கும் தாளுக்கும் கைக்கும் பங்கு உண்டு.

வழக்கமான உருண்டை நிப்பின் முனையில் இருப்பது எஃகு அன்று, தங்கமும் அன்று. எழுதும்போது தேயாமல் இருப்பதற்காகக் கடினமான உலோகக் கலவையால் ஆன ஒரு சிறு குண்டுமணியை முனையில் பற்றவைத்து, அதை நடுவே பிளந்து, பிறகு தேய்த்து மெருகேற்றுகிறார்கள். இன்றும் பலர் இதை இரிடியம் என்றே சொன்னாலும், இப்போதைய கலவைகளில் ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவையே மேலோங்கி நிற்கின்றன. அந்தக் குண்டுமணி தாளைத் தொடும் பரப்பு எவ்வளவோ அவ்வளவே கோடு. முனை உருண்டையாக இருந்தால் மேலிருந்து கீழே இழுத்தாலும் பக்கவாட்டில் இழுத்தாலும் கோட்டின் தடிமன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஸ்டப்பில் முனை தட்டை என்பதால் கீழ்நோக்கிய கோடு தடித்தும் குறுக்குக் கோடு மெலிந்தும் விழும். இந்த ஒரு வேறுபாடு, கீழே வரப்போவது போல, தமிழ் எழுதுபவருக்கு எஃப்புக்கும் பிக்கும் உள்ள வேறுபாட்டைவிட முக்கியமானது.

இனி தாளுக்கு வருவோம். நாம் வழக்கமாக எழுதும் 8 மி.மீ. இடைவெளிக் கோடிட்ட தாளில், மேலே இகர, ஈகார விசிறிக்கும் புள்ளிக்கும், கீழே உகரச் சுழிக்கும் இடம் விட்டால், எழுத்தின் உடலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 மி.மீ. உயரந்தான். அதற்குள் போடப்படும் சுழி ஒன்றின் வெளிவிட்டம் நடுத்தரக் கையெழுத்தில் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. கணக்கு எளிது: சுழியின் கண் திறந்திருக்க வேண்டுமானால் அதன் வெளிவிட்டம் கோட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். என் தாளில் எஃப் நிப் போட்ட கோடு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஆகவே சுழிக்குள் ஓர் ஊசி நுழையும் அளவு வெள்ளை மிஞ்சுகிறது. எம் நிப் 0.7 மி.மீ. அளவில் நிற்கிறது, வெள்ளை ஒரு பொட்டாகச் சுருங்கிவிடுகிறது. பி நிப் 0.9 மி.மீ. பக்கம் போகிறது, கணக்குப்படி உள்ளே மிஞ்ச எதுவும் இல்லை, தாளிலும் மிஞ்சவில்லை.

இதைச் சோதிக்கக் ‘கண்ணன்’ என்ற சொல்லை நான்கு நிப்பிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அச்சகத்தார் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். எஃப் வரியில் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் வளைவு வளைவாகத் தனித்து நிற்கின்றன. எம் வரியில் ணகரத்தின் முதல் சுழி அடைபட்டுவிட்டது, மற்றவை தப்பின. பி வரியிலோ எழுத்தின் இடப்பக்கம் முழுவதும் ஒரு நீலத் திட்டு. அதன்மேல் இருக்கும் புள்ளி, முனையைத் தொட்டு எடுத்த மாத்திரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு விரிந்து எழுத்தோடு ஒட்டப் பார்க்கிறது. சொல் ‘கண்ணன்’ என்று பழக்கத்தால் படிக்க முடிகிறதே தவிர எழுத்தால் படிக்க முடியவில்லை. பழக்கம் கைகொடுக்காத இடங்களில் இது விளையாட்டன்று. பணி, பனி, மணம், மனம், கணம், கனம் ஆகியவற்றைச் சுழியின் எண்ணிக்கை ஒன்றே பிரித்துக் காட்டுகிறது. விடைத்தாள் திருத்துபவர் நம் மனத்தில் இருந்ததை ஊகிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஈகார விசிறியின் சுழி அடைபட்டாலும் ஒரு குண்டுப் புள்ளியாக நின்று இகரத்திலிருந்து வேறுபட்டுத் தெரிகிறது, ஆகவே அங்கே இழப்பு குறைவு. ண, ன, ஞ, இ, ஐ ஆகியவையே பட்டை நிப்பில் அடிபடுபவை. ட, ப ஆகிய திறந்த எழுத்துகளுக்கு எந்த நிப்பும் பொருட்டல்ல. ரோமன் எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை என்பதனால்தான் ஆங்கில மதிப்புரைகளில் பி நிப் அவ்வளவு புகழப்படுகிறது.

ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்திலிருந்தே நம் எழுத்தின் கோடு ஒரே தடிமன் கொண்டது, மெல்லியது. நேர்க்கோடு ஓலையை நாரோடு கிழித்துவிடும் என்பதால் வளைவுகள் பெருகின என்று சொல்வார்கள். அந்த வளைவுகளைத் தடித்த கோட்டால் எழுத முற்படும்போது எழுத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. எழுத்தணிக் கலைஞர்கள் எழுத்தின் உயரத்தை நிப்பின் அகலத்தால் அளப்பது வழக்கம். ரோமன் சிற்றெழுத்துகளுக்கு நான்கைந்து நிப் அகலம் போதும் என்பார்கள். தமிழுக்கு ஆறு, ஏழு அகலமாவது வேண்டும் என்பது என் கருத்து. 0.9 மி.மீ. நிப்புக்கு அது 6 மி.மீ. உயரம், கோடிட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டியதுதான்.

அப்படிப் பெரிதாக எழுதினால் பி நிப் என்ன தருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கில் தாளின்மேல் மிக வழுவழுப்பாக ஓடுவது அதுவே. தொடும் பரப்பு அதிகம் என்பதால் தாளின் நார் முனையில் உரசுவது குறைவு, மை ஒரு படலமாக இடையில் நிற்பதால் கைக்கு அழுத்தமே தேவைப்படுவதில்லை. விரல் மூட்டு வலி உள்ளவர்களும், பார்வை மங்கத் தொடங்கிப் பெரிதாக எழுதப் பழகிவிட்ட பெரியவர்களும் இதில் எழுதிப் பார்த்துவிட்டு எஃப்புக்குத் திரும்ப மாட்டார்கள். மையின் நிறம் முழுதாகத் தெரிவதும் பட்டை நிப்பில்தான்: ஒரே கோட்டில் தொடக்கம் வெளிறியும் முடிவு அடர்ந்தும் காட்டும் மைகள் எஃப் நிப்பில் ஒற்றை நிறமாகவே விழும், கேரளத்திலிருந்து வரும் கிருஷ்ணா மைகளை வாங்கிவிட்டு, சொன்ன அழகு எங்கே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எஃப் நிப்பில் எழுதுபவர்களே. கையொப்பம், உறை மேல் முகவரி, மொய்க் கவரில் பெயர், பாடக் குறிப்பின் தலைப்பு ஆகியவற்றுக்கு இந்த நிப் மிகப் பொருத்தம். நாள் முழுவதும் எழுதும் கணக்குக்கும் குறிப்புக்கும் இல்லை.

ஸ்டப்பிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. பெட்டியில் 1.1 என்று பார்த்ததும், பியே அடைத்துவிட்ட சுழியை இது மொத்தமாக மூடிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தாளில் நடப்பது வேறு. குறுக்குக் கோடுகளை ஸ்டப் ஏறத்தாழ எஃப் அளவுக்கே மெலிந்து போடுகிறது. ஆகவே சுழியின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் மெல்லியவை, பக்கங்கள் மட்டுமே தடித்தவை. தமிழ் எழுத்தை உயரத்தில் வரிக்கோடு கட்டுப்படுத்துகிறது, அகலத்தில் எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. ணகரத்தின் சுழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அல்லாமல் பக்கம் பக்கமாக அமைந்திருப்பதால், எழுத்தைக் கொஞ்சம் விரித்து எழுதினால் தடித்த பக்கங்களுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது. உயரம் அப்படியே இருக்கிறது. ஒரு வரியில் ஓரிரு சொற்கள் குறையும், அவ்வளவே. பகரத்தின் இரு கால்கள் தடித்து அடிக்கோடு மெலிந்து, டகரம் நிமிர்ந்து, ஒரு பழைய அச்செழுத்தின் சாயல் கையெழுத்துக்கு வந்துவிடுகிறது. சாதாரணக் கையெழுத்து உடையவர்களும் இதில் எழுதினால் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். எதிர் வகையான ஆர்க்கிடெக்ட் வெட்டு, அதாவது குறுக்குக் கோடு தடித்துக் கீழ்நோக்கிய கோடு மெலியும் முனை, தமிழுக்கு ஆகாது என்பதும் இதே காரணத்தால் விளங்கும்.

ஸ்டப்புக்கு ஒரு குறை உண்டு. தமிழ் எழுதும்போது கை எல்லாத் திசைகளிலும் சுழல்கிறது. பேனாவை விரலுக்குள் உருட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு முனையின் ஒரு மூலை தாளை விட்டுத் தூக்கிக்கொள்ளும், கோடு பாதியாக விழும், மறுமூலை கீறும். நிப்பின் முகம் எப்போதும் மேல்நோக்கி இருக்கும்படி பிடிக்கக் கை பழக வேண்டும். இடக்கையால் எழுதுபவர்கள் நிப்பைத் தள்ளி எழுதுவதால் அவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

மையும் தாளும் பற்றி. சோதனை முழுவதும் ப்ரில் ராயல் ப்ளூவில் செய்தேன். அடக்கமான மை, எதையும் மிகைப்படுத்திக் காட்டாது. தாள், கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து செய்யப்படும் டி.என்.பி.எல். நகல் தாள். நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் தாள்களில் மை பரவாமல் தாங்குவதில் இதற்கு நல்ல இடம் உண்டு. பி நிப்பிலும் நார்நாராக மை படரவில்லை, பின்பக்கம் நிழல் தெரிந்ததே தவிர ஊறவில்லை. மெல்லிய நீள நோட்டுகளிலும், அரசு அலுவலகப் படிவங்களிலும் கதை வேறு. அவற்றில் எந்த நிப்பும் தன் அளவைவிட ஒரு படி தடித்தே எழுதும். அங்கே பி நிப்பைத் தொடுவது வீண். சென்னையின் ஈரக்காற்று இன்னொரு தொல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் தாளே ஈரம் வாங்கி நெகிழ்ந்திருக்க, பட்டை நிப் விட்ட மை உலர்வதற்கு வெகு நேரம் எடுக்கிறது. கடைசியாக உலர்வது மெய்யெழுத்தின் புள்ளி. கோடு உலர்ந்துவிட்டது என்று நம்பிப் பக்கத்தைத் திருப்பினால் புள்ளிகள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் பதிந்திருக்கும். சித்திரை, வைகாசியில் கை வியர்வை பட்ட இடத்தில் மை ஒட்டாமல் கோடு விட்டுவிட்டுப் போகும். கைக்கடியில் ஒரு தாள் வைத்து எழுதுவது எல்லா நிப்புக்கும் நல்லது, பட்டை நிப்புக்குக் கட்டாயம்.

கடையில் எழுதிப் பார்த்து வாங்கலாமே என்று கேட்கலாம். பாரிமுனையில் என்.எஸ்.சி. போஸ் சாலையில் இருக்கும் ஜெம் அண்ட் கோ போல, பேனாவைத் தொட்டுப் பார்த்து வாங்கத் தலைமுறைகளாக மக்கள் தேடிப் போகும் கடைகள் இந்த ஊரில் இருப்பது நம் நல்லூழ். ஆனால் எந்தக் கடையிலும் நிப்பை மைப்புட்டியில் தோய்த்துத்தான் எழுதித் தருவார்கள். தோய்த்த நிப்பில் மேலும் கீழும் மிகுதி மை ஒட்டிக்கொண்டிருப்பதால் அது வழக்கத்தைவிடத் தடித்தும் வழுவழுப்பாகவும் எழுதும். மை நிரப்பி நாக்கின் வழியாக வரும்போது கோடு மெலியும், உரசல் இருந்தால் அப்போதுதான் தெரியும். ஆகவே தோய்த்ததும் நிப்பைத் துணியில் ஒற்றிவிட்டு, நாலைந்து வரி எழுதிய பிறகு விழும் கோட்டைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். இன்னொன்று, எல்லோரும் கடையில் கையொப்பம் போட்டுப் பார்க்கிறார்கள். கையொப்பத்துக்கு எந்த நிப்பும் நன்றாகவே இருக்கும். வீட்டிலிருந்தே நாம் எழுதும் தாளைக் கொண்டுபோய், நம் வழக்கமான உயரத்தில் ‘எண்ணெய்’, ‘விண்ணப்பம்’, ‘இணைப்பு’ என்று எழுதினால் உண்மை தெரிந்துவிடும்.

பட்டை நிப்களுக்கே உரிய ஒரு பழுதையும் வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. மெருகேற்றும்போது பிளவின் உட்புற விளிம்புகள் அளவுக்கு மீறித் தேய்ந்துவிட்டால் முனையின் நடுவில் ஒரு பள்ளம் விழும். மை அந்தப் பள்ளத்தில் நின்றுவிடும், தாளைத் தொடாது. முதல் கோடு விழாது, சற்று அழுத்தினால் விழும், பிறகு ஒழுங்காக ஓடும். பெயர் சொல்ல விரும்பாத வேறொரு பேனாவில் எனக்கு இது வாய்த்தது. விற்றவர் மை சரியில்லை என்றார், மை மாற்றியும் அப்படியே இருந்தது. உருண்டை பெரிதாக இருக்கும் பி நிப்களிலும், அதைவிடத் தடித்த பி.பி. நிப்களிலும்தான் இது அதிகம் காணப்படுகிறது. சோதிக்க, அழுத்தமே கொடுக்காமல் சின்னச் சின்னக் கீழ்க்கோடுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் தொட்ட இடத்திலேயே தொடங்க வேண்டும். தமிழில் ஒவ்வொரு புள்ளிக்கும் பேனாவைத் தூக்கி வைக்கிறோம் என்பதால் இந்தப் பழுது நமக்கு இருமடங்கு எரிச்சல் தரும்.

பேனாவைப் பற்றிச் சுருக்கமாக: எபோனைட் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர், கைக்கு இதமான வெப்பம், வியர்வையிலும் வழுக்காத பிடி. தொடர்ந்து வெயில் பட்டால் நிறம் மங்கும், சன்னலோரம் வைக்கக் கூடாது. குழலிலேயே நேராக மை ஊற்றிக்கொள்ளும் வகை என்பதால் கழற்றி மாட்டும் சிறு மைக்குழலான கன்வெர்ட்டரைப் போலப் பல மடங்கு மை பிடிக்கும், பட்டை நிப்புக்கு அது தேவையும்கூட. எஃப் நிப்பில் ஓடிய நாள்களில் கிட்டத்தட்டப் பாதிதான் பியில் ஓடுகிறது. மை கால் பங்குக்குக் கீழே இறங்கியதும் நிரப்பிவிடுவது நல்லது. உள்ளே இருக்கும் காற்று கைச்சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும் இயல்பு இந்த வகைப் பேனாக்கள் எல்லாவற்றுக்கும் உண்டு.

யாருக்கு எது என்றால், போட்டித் தேர்வுக்குத் தமிழில் எழுதிப் பழகுபவர்கள் ஐரோப்பிய எஃப், அல்லது ஜப்பானிய எம் தாண்டிப் போக வேண்டாம். எழுத்து இயல்பாகவே பெரிதாக இருப்பவர்கள் ஐரோப்பிய எம்மை நம்பி வாங்கலாம். கடிதம் எழுதுபவர்களுக்கும், கையெழுத்தை ரசித்து எழுதுபவர்களுக்கும் என் பரிந்துரை பி அன்று, 1.1 ஸ்டப். பி நிப் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், அதை முதல் நிப்பாக வாங்காமல், எஃப் நிப் உள்ள பேனாவுக்கு இரண்டாவது நிப்பாக வாங்கிக்கொள்ளலாம். திருகிப் பொருத்தும் வகையில் தனி நிப்பின் விலை முழுப் பேனாவின் விலையில் ஒரு சிறு பங்கே. வாங்கும்போது நிப் மட்டும் தருகிறார்களா, நாக்கும் கழுத்துவளையமும் சேர்ந்த முழுத் தொகுப்பைத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் நிப்பை மட்டும் பிடுங்கிச் செருகும் வேலையில் பிளவு விலகினால் நீர்போல மை கொட்டும். புதுத் தொகுப்பை மை தொடுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்திப் பொருத்தினால், பட்டறை எண்ணெய்ப் பசை போய் முதல் வரியிலேயே ஒழுங்காக எழுதும்.